எளியோருக்காக எழும் வாதம்

வழக்கு முடிந்ததும் கட்சிக்காரர் வீடு திரும்பிவிடுகின்றார். அவருக்காகச் சொல்லப்பட்ட வாதமோ தீர்ப்பிலே பதிந்து, பின்வரும் வழக்குகளுக்கு முன்மாதிரியாகி நிற்கின்றது. அதனை எவரும் எடுத்தாளலாம். எளியோருக்கு எதிராகவும் எடுத்தாளலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த வழக்கொன்று இதற்குத் தக்க சான்று. தொழிற்சாலைகளிலும் சலவைச்சாலைகளிலும் பெண்களை நாளொன்றுக்குப் பத்து மணிநேரத்துக்கு மேல் வேலைவாங்கலாகாதென ஒறேகன் மாநிலம் சட்டம் விதித்தது. சலவைச்சாலை உரிமையாளர் ஒருவர் அதனை எதிர்த்தார். 1908ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அச்சட்டத்தைக் காக்க எழுந்தவர் லூயிஸ் பிரண்டைஸ் என்னும் நியாயவாதி. 1905இல் பேக்கரித் தொழிலாளரின் பத்துமணிச் சட்டத்தை அதே மன்றம் தள்ளியிருந்தது. ஆகவே, பெண்களின் நிலை வேறெனக் காட்டவேண்டிய நெருக்கடி அவருக்கு நேர்ந்தது. ஜோசபின் கோல்ட்மார்க் அம்மையார் முதலியோர் திரட்டிக்கொடுத்த மருத்துவர்களின் கூற்றுகளையும் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளையும் கொண்டு, நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட வாதவுரையைச் சமர்ப்பித்தார், வெற்றியும் பெற்றார்.

ஆனால், பெண் இயல்பிலேயே மெலியவள், தாய்மையின் பொருட்டுக் காக்கப்படவேண்டியவள் என்ற கருத்தும் அத்தீர்ப்பிலே இடம்பெற்றுவிட்டது. 1924இல், பெருநகர உணவுச்சாலைகளில் பெண்கள் இரவுவேலை செய்வதைத் தடுத்த நியூயோர்க் சட்டம், அவர்களது உடல்நலத்தின் பெயராலேயே நிலைநாட்டப்பட்டது. அங்கே பாடுவோருக்கும் ஆடுவோருக்கும் அத்தடை இல்லை! காக்க வந்த வாதம் கதவடைக்கும் வாதமாயிற்று.

வேலை கொடிது என்பது ஒன்று; வேலை செய்பவர் மெலியவர் என்பது வேறொன்று. முன்னையது முதலாளியைக் கட்டுப்படுத்தும். பின்னையது தொழிலாளியையே கட்டிப்போடும். ஆண், பெண் இருபாலாருக்கும் பத்துமணி வரையறை விதித்த ஒறேகன் சட்டத்தை 1917இல் அதே மன்றம் ஏற்றது. மிகையுழைப்பு எந்த உடலையும் கெடுக்கும் என்பதே அங்கு வாதம்.

1975இல் ரூத் பேடர் கின்ஸ்பேர்க் அம்மையார் வாதித்த வழக்கும் நினைக்கத்தக்கது. மனைவியை இழந்து, குழந்தையை வளர்த்த தந்தை ஒருவருக்கு, விதவைத் தாய்மாருக்கு உரிய உதவிப்பணம் மறுக்கப்பட்டது. மறைந்த மனைவி உழைத்துச் செலுத்திய பணத்துக்கு ஆணின் பணத்துக்குள்ள மதிப்பு இல்லையா என்பதே அவ்வம்மையார் எழுப்பிய வினா. மன்றம் அதனை ஏற்றது. அங்கே எவரும் மெலியவராகக் காட்டப்படவில்லை.

ஆகவே, எளியோருக்காக வாதிடுபவர் வாய் திறக்குமுன் தம்மையே ஒன்று வினவுதல் வேண்டும்: "இவ்வழக்கை நீக்கி இவ்வாக்கியத்தை மட்டும் எதிரியின் கையிற் கொடுத்தால், அவன் அதைக்கொண்டு என்ன செய்வான்?" அதற்கு அஞ்சாது விடைகூற முடியுமானால், அவ்வாதம் இன்றைய கட்சிக்காரரை மட்டுமன்று, நாளை வருபவரையும் காக்கும்.