கன்றின் முதல் பால்: போத்தலில் கொடுக்க வேண்டி வந்தால்

(கண்டாவளையில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



2009 ஜனவரியில் இங்கிருந்து வெளிக்கிட்டபோது பலர் மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் போனீர்கள். திரும்பி வந்தபின் பற்றைகளுக்குள் அலைந்து, குறி பார்த்து, ஒன்றிரண்டைப் பிடித்தவர்களும் இருக்கிறீர்கள். உதவித்திட்டத்தில் ஒரு பசு கிடைத்தவர்களும் இருக்கிறீர்கள். அந்தப் பசு கன்று போடும் நாளைப் பற்றித்தான் பேச வந்தேன். நான் மிருக வைத்தியர் இல்லை. அவர்கள் சொல்வதை விளங்கும்படி எடுத்துச் சொல்வதுதான் என் வேலை. மாட்டைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரியும்.

பட்டி நிறைய மாடு நின்ற காலத்தில் ஒரு கன்று போனால் கவலையோடு முடிந்துவிடும். இப்போது அப்படியில்லை. நாட்டுப் பசு கன்று இல்லாவிட்டால் பாலை இறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். கன்று செத்தால் அந்த ஈற்றின் பாலும் போகும். நாகு கன்றாக இருந்தால், அது தாயாகும் மூன்று நான்கு வருடமும் சேர்ந்து போகும்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு வயிற்றில் இருக்கும்போதே கிடைத்துவிடும். கன்றுக்கு அப்படிக் கிடைப்பதில்லை. மாட்டின் இளங்கொடி அதைக் கடத்தாது. கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதற்குரியது முழுவதும் கடும்புப்பாலில் இருக்கிறது. அந்தச் சக்தியைக் கன்றின் குடல் உறிஞ்சுவதும் கொஞ்ச நேரத்துக்குத்தான். முதல் இரண்டு மணித்தியாலம் மிக நல்லது. ஆறு மணித்தியாலத்துக்குள் நன்றாகவே குறைந்துவிடும். ஒரு நாள் கழிந்தால் ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அது வயிற்றுக்குச் சாப்பாடு மட்டுந்தான்.

இளங்கொடி விழும்வரை கன்றைக் குடிக்க விடக்கூடாது என்று சிலர் காத்திருப்பதுண்டு. தயவுசெய்து காத்திருக்காதீர்கள். கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் கருப்பை சுருங்கும். இளங்கொடி விழ அதுவே உதவி. பன்னிரண்டு மணித்தியாலம் கழிந்தும் விழாவிட்டால் இழுக்க வேண்டாம், மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

தாயிடம் தானே குடிக்கும் கன்றுக்குப் போத்தல் தேவையில்லை. தாய் மிதிவெடியிலோ வாகனத்திலோ அடிபட்டுப் போனாலோ, முதல் ஈற்றுப் பசு கன்றை உதைத்தாலோ, கன்று எழும்பி மடியைப் பிடிக்க முடியாமல் நின்றாலோதான் போத்தல். காட்டில் திரிந்து பழகிய பசுவாக இருந்தால் தனியாகக் கறக்கப் போகாதீர்கள். இரண்டு பேர் பிடித்து, அணைகயிறு போட்டுக் கறவுங்கள். முதல் கறவையே மிகச் சிறந்தது, மஞ்சளாகத் தடிப்பாக இருக்கும். அதில் ஒரு சொட்டும் வீணாகக்கூடாது.

எவ்வளவு? கன்றின் நிறையில் பத்தில் ஒரு பங்கு. நாட்டுக் கன்று 15 கிலோ என்றால் ஒன்றரை லீற்றர். நாங்கள் பால் அளக்கும் 750 மில்லிலீற்றர் போத்தலால் இரண்டு. முதல் போத்தல் பிறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள், மற்றது பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள். 25 கிலோ கலப்பினக் கன்றுக்கு மூன்று போத்தலுக்கு மேல் வேண்டும்.

போத்தலையும் சூப்பியையும் கொதிநீரில் அவித்து எடுங்கள். கவிழ்த்துப் பிடித்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஓடக்கூடாது. கன்று நிற்கட்டும். மடியில் குடிக்கும்போது தலை நிற்கும் உயரத்தில் போத்தலைப் பிடியுங்கள். முதலில் கழுவிய விரலை வாயில் வைத்துச் சூப்பப் பழக்கி, மெல்ல சூப்பியை மாற்றலாம். சூப்பும்போதுதான் பால் சரியான வயிற்றுக்குப் போகும். படுத்திருக்கும் கன்றின் வாயைத் திறந்து ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் போய்க் கன்று செத்துவிடும். இருமினால் உடனே நிறுத்துங்கள். சூப்பவே பலமில்லாத கன்றுக்கு மிருக வைத்தியர் குழாயால் கொடுப்பார்.

பால் ஆறியிருந்தால் அடுப்பில் வைக்காதீர்கள். போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் வையுங்கள், கையில் சூடு தெரிந்தால் போதும். கொதித்தால் திரைந்து கடும்பாகிவிடும், நோயெதிர்ப்புச் சக்தியும் அழிந்துவிடும். சர்க்கரை போட்ட கடும்புக்கு எனக்கும் ஆசைதான். கன்றின் பங்கு கொடுத்தபின் மிஞ்சினால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

தாய் இல்லாத கன்றுக்கு அயலில் அதே நாட்களில் கன்று போட்ட, நோயில்லாத பசுவின் கடும்புப்பால் உதவும். இந்த மண்ணில் நின்ற பசு என்றால் இந்த இடத்து நோய்களுக்கான சக்தி அதன் பாலில் இருக்கும். ஆகவே யாருடைய பசு எப்போது கன்று போடும் என்று இப்போதே அயலுக்குள் பேசி வையுங்கள். மின்சாரம் உள்ள கடையில் ஆழ்குளிர்ப் பெட்டி இருந்தால், மிஞ்சியதைச் சிறு போத்தல்களில் உறையவிட்டு ஒரு வருடம்வரை வைக்கலாம். முட்டையும் ஆமணக்கெண்ணெயும் கலந்த பால் கொடுப்பார்கள். வேறு ஒன்றும் இல்லாத இடத்தில் அது சாப்பாடாகும், நோயெதிர்ப்புச் சக்தி அதில் கிடையாது.

கன்று இரவிலும் வரலாம். நாள் கிட்டினால் விளக்கு, அவித்த போத்தல், சூப்பி, தொப்புளுக்குப் பூச அயடீன் எல்லாவற்றையும் ஒரு வாளிக்குள் போட்டு மூடி, கொட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.