தட்டில் உள்ள கணக்கு

1922ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, கனடாவின் ரொறன்ரோ நகர வைத்தியசாலையொன்றில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசிமூலம் ஏற்றப்பட்டது. நீரிழிவுக்காக அம்மருந்தைப் பெற்ற முதல்வன் அவனே. அதற்கு முன்னர், இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் விதித்தது பெரும்பாலும் பட்டினியையே. பட்டினியால் நாட்கள் சில நீண்டனவேயன்றி உயிர் நிலைக்கவில்லை. இன்சுலின் வந்தது, பிள்ளைகள் வாழ்ந்தனர். அத்துடன் வேறொரு வினாவும் பிறந்தது: எவ்வேளை உணவுக்கு எவ்வளவு மருந்து?

இளம்பிராயத்தில் பெரிதும் காணப்படும் முதலாம் வகை நீரிழிவிலே, சதையி இன்சுலினைச் சுரப்பதை ஏறக்குறைய முற்றாக நிறுத்திவிடுகின்றது. சோறு, பாண், பழம், பால் ஆகியவற்றிலுள்ள மாப்பொருளையும் சீனியையும் ஒருங்கே குறிக்கும் பெயர் காபோவைதரேற்று என்பது. அது சமித்து, குளுக்கோசாகி, இரத்தத்தில் சேர்கின்றது. நோயற்ற உடல் அதற்கேற்ற இன்சுலினைத் தானே அளந்து விடுகின்றது. நோயுற்ற பிள்ளையோ அந்த அளவைத் தன் அறிவினால் காணவேண்டும். பத்துக் கிராம் காபோவைதரேற்றுக்கு ஓர் அலகு இன்சுலின் என்று ஒருவருக்கு வைத்தியர் வகுத்திருந்தால், 60 கிராம் உணவுக்கு ஆறு அலகு. ஆளுக்கு ஆள் இவ்விகிதம் மாறும். ஒருவருக்கே காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருத்தல் கூடும்.

கணக்கு எளிது, அதற்குரிய எண்ணைக் கண்டுபிடிப்பதே அரிது. பிழைத்தால் இருபுறமும் துன்பமுண்டு. மருந்து குறைந்தால் குளுக்கோசு ஏறும். கூடினால் உடல் வியர்த்து, கை நடுங்கி, அறிவு மயங்கும். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடைபெற்ற பேராய்வில், குளுக்கோசை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினோருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடுகள் பெரிதும் குறைந்தன. ஆனால் அவர்களுக்கே கடுமையான குளுக்கோசுத் தாழ்வு ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டோருள் 13 வயதினரும் இருந்தனர்.

பதின்ம வயது இக்கணக்குக்கு இசைவான பருவமன்று. வளர்ச்சிக்குரிய ஓமோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதுகாறும் தட்டை அளந்து கொடுத்த தாய் பாடசாலையில் உடனிருப்பதில்லை. நண்பர் சூழ்ந்த மேசையில் தராசை எடுத்து வைக்க எந்த இளைஞன் விரும்புவான்? கைத்தொலைபேசியை எடுப்பதை மட்டும் எவரும் வியப்பாக நோக்குவதில்லை. இக்கருவிகளின் முதற் சிறப்பு இதுவென்றே சொல்லலாம்.

இவற்றுட் சில வெறும் உணவுப் பட்டியல்கள். பட்டியல்தானே என்று எண்ணுவோர் சோற்றின் கணக்கை நோக்குவார்களாக. சமைக்காத அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 கிராம் காபோவைதரேற்று உண்டு. நீரை உறிஞ்சி வெந்த சோற்றிலோ, 100 கிராமுக்கு 28 கிராம் அளவே உண்டு. 200 கிராம் சோற்றை உண்ணப்போகும் மாணவி, பசி அவசரத்தில் சோற்றுக்குரிய வரிக்குப் பதிலாக அரிசிக்குரிய வரியைத் தொட்டுவிட்டால், 56 என வரவேண்டியது 160 என வரும். மேற்சொன்ன விகிதப்படி, ஆறு அலகுக்குக் குறைவாகப் போதுமானவளுக்குப் பதினாறு அலகு! தொலைபேசி பிழை செய்யவில்லை; கேட்ட கேள்விக்கே விடை தந்தது.

சுவிற்சர்லாந்தின் பேண் பல்கலைக்கழகத்தார் வேறு வழியை நாடினர். தட்டின் அருகே சிறிய அட்டையொன்றை வைத்து, இரு கோணங்களில் படம் பிடிக்கவேண்டும். அளவு தெரிந்த அந்த அட்டையை ஆதாரமாகக் கொண்டு, உணவு இன்னதென இனங்கண்டு, அதன் கனவளவைக் கணித்து, காபோவைதரேற்றைக் கருவி கூறும். முதலாம் வகை நீரிழிவுடைய வளர்ந்தோர் 19 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளியாயிற்று. கண்ணால் மதிப்பிட்டவர்களின் பிழை சராசரியாக ஒரு வேளைக்கு 28 கிராம். கருவியின் பிழை 12 கிராம். அதாவது, முன்னைய விகிதப்படி ஏறக்குறைய மூன்று அலகுப் பிழை ஓர் அலகுக்குச் சற்று மேற்பட்டதாகச் சுருங்கியது. அவர்கள் நோயுடன் பழகியவர்கள் என்பதை நினைவிற் கொண்டால், புதிதாகக் கற்கும் பிள்ளையின் இடர்ப்பாடு விளங்கும். எனினும் படம் மேற்பரப்பையே காணும். குழம்பின் அடியில் மறைந்த கிழங்கையும், தேநீரில் கரைந்த சீனியையும் அது அறியாது.

உணவின் எண்ணைக் கொண்டு இன்சுலின் அளவையும் கூறிவிடும் செயலிகளிடத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். அத்தகைய 46 செயலிகளை இலண்டன் ஆய்வாளர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவின்படி, 31 செயலிகள் தகாத அளவைக் கூறக்கூடியனவாயிருந்தன. தவறான எண்ணைப் பதிந்தாலும் தடுக்காதவை மிகப் பல. ஆகையால் எந்தச் செயலி தக்கதென்பதைக் கடைப்பட்டியலின் நட்சத்திரங்களைக் கொண்டு தீர்மானியாது, சிகிச்சை அளிக்கும் வைத்தியரிடமும் உணவியலாளரிடமும் காட்டிக் கேட்பதே முறை.

வீட்டுத் தராசுக்கும் இன்னும் வேலையிருக்கின்றது. சில வாரங்கள், பிள்ளை முதலில் தன் கண்ணால் மதித்து எண்ணைச் சொல்லட்டும். பின்னர் தொலைபேசியிற் பார்க்கட்டும். அதன்பின் நிறுத்துப் பார்க்கட்டும். உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரத்தின் பின்னும் எடுத்த குளுக்கோசு அளவுகளை அருகே குறித்து வைத்தால், எந்த உணவில் கை கூடுகின்றது, எதிற் குறைகின்றது என்பதை அடுத்த முறை வைத்தியசாலைக்குச் செல்லும்போது அப்பிள்ளையே எடுத்துச் சொல்லும்.