கேட்கும் காதின் பக்கம் அமர்வோம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எம் வகுப்புத் தோழி ஒருத்தியின் கதையை அவளது சம்மதத்துடன் சொல்கிறோம். தொலைபேசியை அவள் இடக்காதிலிருந்து வலக்காதுக்கு மாற்றிய நாளில் அது தொடங்கியது. காதழுக்கு என்றாள். வகுப்பில் வைத்தியர்களான நாமும் அப்படித்தான் நினைத்தோம். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது செவி நரம்பில் கட்டி என்று தெரிந்தது.

இது புற்றுநோய் அல்ல. உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் சமநிலை நரம்பின் உறையில் மெதுவாக வளர்வது. சிறியதென்றால் ஸ்கான் எடுத்துக் கவனித்து வரலாம். சிலருக்குக் கதிர்ச் சிகிச்சை போதும். அவளுடையது மூளைத்தண்டை அழுத்தியதால் சத்திரசிகிச்சை செய்தார்கள்.

கட்டி எடுபட்டது. நேர்த்தி வைத்தவர்கள் நிறைவேற்றினோம். சுகமாகிவிட்டாள் என்று அவரவர் வேலைக்குத் திரும்பினோம். எமது பிழை அங்கேதான்.

அவளுக்கு இடக்காது முற்றாகக் கேட்காது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றும் தெரியாது. இருட்டில் நடந்தால் தள்ளாடுவாள். முகத்தசைகளை இயக்கும் நரம்பு கட்டியோடு ஒட்டியே செல்வது. அதுவும் பாதிக்கப்பட்டதால் சிரிப்பு ஒருபக்கம் இழுபட்டது, கண் முழுதாக மூடவில்லை. பகலில் சொட்டுமருந்து, இரவில் இமைக்கு ஒட்டுநாடா. கலியாண வீட்டு மேளத்துக்குள் இடப்பக்கம் நின்று கூப்பிட்டவர்கள், "பெருமை பிடித்தவள்" என்றார்கள். அவள் வெளியே வருவதையே நிறுத்தினாள்.

இந்நோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அறிய 2010இல் 26 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று வெளியானது. கேட்டல், சமநிலை, முகம், மனப்பதற்றம், உடற்தெம்பு, வலி, பொது நலம் என ஏழு பகுதிகள். இவற்றில் ஒன்றையேனும் நாம் அவளிடம் கேட்கவில்லை. ஸ்கானைத்தான் கேட்டோம்.

சமநிலையை மூளை மீளப் பழகும். அதற்கு மாதங்கள் எடுக்கலாம். இயன்மருத்துவர் தரும் பயிற்சிகளும் தினசரி நடையும் உதவும். கேளாத பக்க ஒலியைக் கேட்கும் காதுக்கு அனுப்பும் கருவிகளும் உண்டு. மீதி எம் கையில். கேட்கும் பக்கம் அமர்வோம். முகம் பார்த்துப் பேசுவோம். இரவில் கைகோத்து நடப்போம். "சிரிப்புக்கு என்ன நடந்தது?" என்று கேட்காதிருப்போம்.

உங்களில் யாருக்கேனும் ஒரு காது மட்டும் மந்தமானால், ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்டால், வயது என்று விட்டுவிடாதீர்கள். செவிப் பரிசோதனை செய்யுங்கள்.

எம் தோழி இன்று வந்திருக்கிறாள். வரிசையின் இடது ஓரக் கதிரையைத் தானே கேட்டு வாங்கி அமர்ந்திருக்கிறாள். தேநீர் வேளையில் அவளோடு கதைக்கப் போகிறவர்கள் வலப்பக்கமாகப் போங்கள்.