தோல் கலர் எது?

(குறுவளமையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு முன் பேசியவர்கள் பெரிய பெரிய செய்திகளைப் பேசிவிட்டார்கள். நான் ஒரு கிரேயான் துண்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நான்காம் வகுப்பில் 'என் அம்மா' என்று படம் வரையச் சொன்னேன். ஒரு மாணவி சேலை, பொட்டு, கையில் மண்வெட்டி எல்லாம் பொருத்தமாக வரைந்திருந்தாள். முகமும் கையும் மட்டும் இளஞ்சிவப்பு. அந்த அம்மாவை எனக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், நல்ல கருப்பு. "அம்மா இந்த நிறமா பாப்பா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர். ஆனா தோல் கலர் இதுதானே?" என்றாள். வகுப்பில் எல்லோருமே அந்தத் துண்டை 'ஸ்கின் கலர்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பெயரை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்காவில் கிரயோலா நிறுவனமும் இப்படி ஒரு நிறத்துக்குச் 'சதை நிறம்' என்று பெயர் வைத்திருந்தது. கருப்பின மக்களின் உரிமைப் போராட்டம் வலுத்திருந்த காலத்தில், 1962இல், அதைப் 'பீச்' என்று ஒரு பழத்தின் பெயருக்கு மாற்றியது. அதே நாட்டில் 1940களில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் கருப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் வந்த தீர்ப்பில் இந்த ஆய்வும் பேசப்பட்டது.

நமக்கு ஆய்வு வேண்டாம். கீழ ராஜ வீதியில் துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைகளைப் பாருங்கள். நம் ஊர்ப் பெண்ணைப் போல ஒன்றாவது நிற்கிறதா? 1975இல் சந்தைக்கு வந்த முகக்களிம்பு ஒன்று தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 வரை ஆயிற்று. பெயர்தான் மாறியது, டப்பா அதேதான்.

நம் சினிமாவில் ஆணுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. ரஜினிகாந்தும் விஜயகாந்தும் கருப்பாகவே நாயகர்களானார்கள். பெண்ணுக்கு அது எளிதாக வாய்க்கவில்லை. 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் 1981இல் நடித்த சரிதாவை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாநிறத்து முகம், கண்ணாலேயே பேசுவார். பிற்காலத்தில் நக்மா உள்ளிட்ட பல நாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவரும் அவர்தான். திரையில் ஒரு முகம், குரல் இன்னொருவருடையது.

இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. காரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் இருந்தபோது, ஆண்டு விழாவுக்குத் தமிழ்த்தாய் வேடம் போட ஒரு பிள்ளை தேவைப்பட்டது. வகுப்பிலேயே அழகாகப் பேசுகிறவள், ழகரம் தேன் மாதிரி வரும், கருத்த பிள்ளை. நான் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிவந்த நிறமுள்ள இன்னொரு பிள்ளைக்குக் கிரீடம் வைத்தேன். அவளுக்கு 'ழ' வரவில்லை. அதனால் முதல் பிள்ளையைத் திரைக்குப் பின்னால் மைக்கோடு நிற்க வைத்துப் பேசச் சொன்னேன். நல்ல கைதட்டல். பெற்றோர்கள் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டு பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது அவள் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

2007இல் வந்த 'சிவாஜி' படத்தைப் பார்த்து நாமெல்லாம் சிரித்தோம். நாயகியின் பெயர் தமிழ்ச்செல்வி. அவளுக்காக நாயகன் வெள்ளையாகப் படாத பாடு படுவான். ஒரு பாடலில் அவனைக் கணினி உதவியோடு வெள்ளைக்காரராகவே காட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கருத்த பெண்கள் இருவரைக் கண்டால் ஓடுவதுதான் நகைச்சுவை. அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரியின் மகள்களுக்கு வழங்கும் பெயர்கள்! பொன்னமராவதிக்கு அந்தப் பக்கம் தெரிகிற பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு என்கிறோம். புறநானூற்றில் பாட்டு இருக்கிற அந்த மகளிரின் பெயரைச் சொன்னால், இன்றைக்கும் பின் பெஞ்சில் சிரிப்பு வருகிறது.

உயர்நிலை வகுப்பில் தமிழ் நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சங்கப் பாடல்களில் 'மாமை' என்றால் மாந்தளிரின் மினுமினுப்பு உள்ள நிறம். தலைவியின் அழகே அதுதான். அவளை 'மாயோள்' என்றே அழைக்கிறார்கள். பிரிவினால் அந்த நிறம் கெட்டு வெளிறிப்போவதுதான் பசலை. மேனி வெளுப்பது நோயின் அடையாளம்! சொற்பொருள் பகுதியில் 'மாமை: அழகு' என்று ஒரு வரியில் எழுதிப்போட்டுத் தாண்டிவிடுகிறோம். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

இன்னொன்று, ஆசிரியர் அறையில் நாம் பேசுவது. 'அந்தக் கருப்புப் பையன்', 'கரிச்சட்டி' என்றெல்லாம் அடையாளம் சொல்கிறோம். நிறத்தைச் சொல்கிறோமா, நிறத்தின் பெயரால் அந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறோமா? அது நமக்கே தெரியும்.

கிரேயானுக்கு வருகிறேன். பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப்போனபோது, தாமரைக் குளத்தில் பூப்பறிக்கிறவர்களின் உடல் நிறம் ஒரே மாதிரி இல்லை என்பதை அண்ணாந்து பார்த்தே கண்டுபிடித்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய ஓவியம் அது. திரும்பி வந்ததும் வாட்டர் கலரை எடுத்து, அவரவர் கையைத் தாளின் பக்கத்தில் வைத்து, அந்த நிறம் வரும்வரை கலக்கச் சொன்னேன். பிரவுனில் கொஞ்சம் ஆரஞ்சு, ஒரு சொட்டுக் கருப்பு, சிலருக்குக் கொஞ்சம் மஞ்சள். நாற்பது நிமிடப் பாடவேளை போதவில்லை. முப்பது பிள்ளைகள், முப்பது நிறம், தரையெல்லாம் சாயம்.

அந்த மாணவி அம்மாவை மறுபடி வரைந்தாள். மூன்றாவது முயற்சியில் நிறம் சரியாக வந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு எடுத்துப்போனாள். மறுநாள் வந்து, "அம்மா பாத்துட்டு, 'ஏன்டி, நான் இவ்வளவு கருப்பாவா இருக்கேன்?'னு கேட்டாங்க டீச்சர். நான் என்ன சொல்லணும்?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வந்தால் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், தேநீர் இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள்.