பந்தயக் காரோட்டிகளும் தேசிய விருதும்

(அவிநாசிபாளையத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டத்தின் முடிவில் நம் வாலிபர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தமை உங்களுக்கு நினைவிருக்கும். மோட்டார்ப் பந்தயத்தில் வாகை சூடுவோர்க்கும் மற்ற விளையாட்டு வீரர்க்குப் போலவே தேசிய விருதுகள் அளிக்கப்பெறல் வேண்டும் என்றும், தகுதியுடையாரை நம் சங்கம் சர்க்காருக்குப் பரிந்துரைத்தல் வேண்டும் என்றும் அவர்கள் கேட்டார்கள். பெரியோர் பலர் மறுத்தனர். நாமும் அன்று மறுத்தவர்களோடு சேர்ந்தே கை தூக்கினோம். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது, விஷயத்தை ஆராய்ந்து பேசுமாறு நம்மைப் பணித்தீர்கள். ஆராய்ந்தபின் நம் அபிப்பிராயம் மாறிற்று. மாறிய காரணத்தை ஒளிவின்றிச் சொல்லுதல் நம் கடமையாகும்.

விருது என்பது யாது? வெள்ளையர் ஆட்சியில் ராவ் சாகிப், ராவ் பகதூர் முதலிய பட்டங்கள் வழங்கப்பெற்றன. அவை ஆள்வோரின் தயவைக் காட்டினவேயன்றி மக்களின் மதிப்பைக் காட்டினவல்ல. சுதந்தர இந்தியாவின் அரசியல் சட்டம் தன் 18ஆம் பிரிவினால் அத்தகைய பட்டங்களை ஒழித்தது. பின்னர் 1954இல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும், 1961இல் விளையாட்டு வீரர்க்கான அர்ஜுனா விருதும் ஏற்பட்டன. பத்ம விருதுகள் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் பட்டங்களல்ல என்று 1995இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புரைத்தனர். எனவே விருது என்பது, “இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று ஒரு தேசம் தன் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டும் விரலேயாகும். பந்தயக் காரோட்டியைச் சுட்டிக் காட்டினால் நம் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்? இதுவே நம்முன் உள்ள கேள்வி.

இக்கேள்விக்கு உதாரணம் தேடித் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. நம் கோவை நகரத்தைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1994இல் இங்கிலாந்தில் பார்முலா போர்டு குளிர்காலப் போட்டித் தொடரிலும், 1996இல் பார்முலா ஆசியாவிலும் முதலிடம் பெற்றார். 2005இல் ஜோர்டான் குழுவில் சேர்ந்து, பார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்று ஐந்து புள்ளிகளும் ஈட்டினார். அன்று டயர்க் கோளாறு பற்றிய அச்சத்தால் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின என்பதையும் உடன்சொல்லிவிடுதல் நேர்மையாகும். புகழ்ச்சியில் கலப்படம் கூடாது.

இனி ஒரு விந்தை கேளுங்கள். 2009ஆம் ஆண்டில், பார்முலா ஒன் பந்தயத்தை நம் நாட்டில் நடத்த முயன்றவர்களிடம், இது விளையாட்டன்று, வியாபாரக் கேளிக்கையே என்னும் கருத்தை மத்திய விளையாட்டு இலாகா கொண்டது. அடுத்த ஆண்டாகிய 2010இலேயே அதே மத்திய சர்க்கார் நரேன் கார்த்திகேயனுக்கு, விளையாட்டுத் துறையிலேயே, பத்மஸ்ரீ விருது வழங்கியது! அர்ஜுனா விருதோ மோட்டார்ப் பந்தய வீரர் ஒருவரை அடைய 2019 வரை காத்திருந்தது. ஆசிய பசிபிக் ராலிப் போட்டியில் மும்முறை முதல்வரான கௌரவ் கில் அதனைப் பெற்றார். விளையாட்டா, கேளிக்கையா என்று சர்க்காரே தடுமாறிய விஷயத்தில் நம் சங்கத்தார் கருத்து வேறுபட்டதில் வியப்பில்லை.

பெரியோர் சொன்ன ஆட்சேபங்கள் மூன்று. முதலாவது, “ஓடுவது இயந்திரம், உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு விருது?” என்பது. பனியன் தொழிலில் தலைநரைத்த நம்மவர் இதனைக் கேட்கலாகாது. ஒரே ஓவர்லாக் மெஷினில் இருவர் உட்கார்ந்தால், ஒருவர் தைத்தது கடல் கடந்து செல்கிறது; மற்றவர் தைத்தது செக்கிங் மேஜையிலேயே திரும்பி வந்துவிடுகிறது. மெஷின் ஒன்றே, கை வேறு. பந்தயக் காரில் பிரேக்கை அழுத்தும்போதும் வளைவில் திரும்பும்போதும் தலையின் எடையைப்போல் நான்கைந்து மடங்கு பாரம் கழுத்தை இழுக்கிறது. கொதிக்கும் கூண்டினுள் ஒன்றரை மணி நேரம் அதனைத் தாங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்தல் எளிதன்று. நம் கொங்கு நாட்டு ரேக்ளாப் பந்தயத்திலும் ஓடுபவை காளைகள்தாம். ஆயினும் அவற்றின் மூச்சறிந்து ஓட்டுபவனையன்றோ ஊர் மெச்சுகிறது! வினை முடித்து மீளும் தலைவன் தேர்ப்பாகனை வாயார அழைத்துப் பேசும் பாட்டுகள் சங்க நூல்களில் எத்தனை!

இரண்டாவது, “இது செல்வர் விளையாட்டு” என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் துப்பாக்கி சுடுதலும் செலவு மிக்கதே. அதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அபினவ் பிந்திராவுக்கு 2009இல் பத்மபூஷண் அளித்தபோது எவரும் செலவுக் கணக்குக் கேட்கவில்லை. செலவு மிக்கதென்று ஒரு கலையைத் தள்ளுவதைவிட, அதனை எளியோர்க்கும் எட்டச் செய்தவரைப் போற்றுதல் மேல். கோவையைச் சேர்ந்த கரிவர்தன் அதனையே செய்தார். மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு, குறைந்த செலவில் பந்தயக் கார்களை அவர் 1980களின் இறுதியில் உருவாக்கினார். பார்முலா மாருதி எனப்பட்ட அவ்வகைக் கார்களிலேயே நரேன் கார்த்திகேயனும் பந்தயம் தொடங்கினார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

மூன்றாவது ஆட்சேபமே நம் நெஞ்சைச் சுட்டது. “பந்தயக்காரனுக்கு மாலையிட்டால், நம் பிள்ளைகள் தாராபுரம் ரோட்டைப் பந்தயப் பாதையாக்குவார்கள்” என்று ஒரு தாயார் எழுந்து சொன்னார். தம் ஒரே மகனை மோட்டார் சைக்கிள் விபத்தில் பறிகொடுத்தவர் அவர். அவர் சொல்லியபின் அன்று யாரும் பேசவில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் முதலில் நின்றது நம் தமிழ்நாடே. மாண்டவர்களில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு மீறிய வேகத்தால் மாண்டனர்.

இதற்கு விடை தேடியபோதே நம் மனம் திரும்பிற்று. ஸ்காட்லாந்து தேசத்து ஜாக்கி ஸ்டூவர்ட் மும்முறை உலக முதல்வராக வந்தவர். 1966இல் பெல்ஜியத்தில் அவர் கார் மழையில் சறுக்கி நொறுங்க, பெட்ரோல் கசியும் காருக்குள் அவர் சிக்கிக் கிடந்தார்; மீட்க ஏற்ற கருவியோ வைத்தியரோ அருகில் இல்லை. அன்று முதல் இடுப்பு வார், தடுப்பு வேலி, பாதையோர வைத்தியர் ஆகியவை வேண்டுமென்று போராடினார். கோழை என்று ஏசினர், அவர் அசையவில்லை. 2001இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தது. வேகத்தின் உச்சியைக் கண்ட மனிதனே வேகத்திற்கு வேலி கட்டினான்! உண்மையான பந்தயக்காரன் தலைக்கவசமின்றி வண்டியில் ஏறான். சாலையில் பந்தயம் விடான். அவனைச் சரியாகக் காட்டினால் நம் பிள்ளைகள் கற்பது அடக்கமே. தவறாகக் காட்டினால் கற்பது சாவு.

ஆகவே நம் முடிவு இது: பந்தயக் காரோட்டிக்குத் தேசிய விருது தகும். ஆனால் கோப்பைகளின் எண்ணிக்கை மட்டும் அளவுகோல் ஆகாது. தமக்குப் பின் வருவோர்க்கு வழி திறந்தாரா, பிறர் உயிரைக் காக்க உழைத்தாரா, சாலையில் ஒழுங்குடையவரா என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். புகழ் வேறு, தகுதி வேறு. 2025இல் நடிகர் அஜித்குமாருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பெற்றபோது, அது துபாய்ப் பந்தயத்திற்காக என்று நம் வாலிபர் சிலர் மகிழ்ந்தனர். அது கலைத் துறைக்கு அளிக்கப்பெற்றது. எதற்காக விருது என்பதை அறியாமல் கைதட்டுதல் விருதையும் அவமதிப்பதாகும்.

பத்ம விருதுக்கு எந்தக் குடிமகனும் இணையவழியே பரிந்துரை அனுப்பலாம். வாலிபர்களே! தகுதியுடையார் ஒருவரை மேற்சொன்ன அளவுகோலால் ஆராய்ந்து எழுதிக் கொணருங்கள். முதற் கையெழுத்து நம்முடையதாகும். அதற்குக் கைம்மாறாக ஒன்று கேட்கிறோம். பரிந்துரையில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிந்து இக்கூட்டத்திற்கு வந்து, அணிந்தே வீடு திரும்புதல் வேண்டும். பெற்றோர்களே! லைசென்ஸ் இல்லாத பிள்ளையின் கையில் வண்டிச் சாவியைத் தராதீர்கள்.

அன்று எழுந்து பேசிய அத்தாயார் இன்றும் இங்கே அமர்ந்திருக்கிறார். இத்தீர்மானத்திற்கு அவரது சம்மதத்தை முதலில் கேட்டு, அதன் பின்னரே வாக்கெடுக்குமாறு அக்கிராசனாதிபதி அவர்களை வேண்டி, எம் சிற்றுரையை முடித்துக்கொள்கிறோம்.