வாயுவும் விண்மீன் பிறப்பும்



மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் நம் கடப்பாக்கம் கடற்கரையில் நின்று கீழ்வானை நோக்குங்கள். மூன்று விண்மீன்கள் நேர்வரிசையில் நிற்கும். அவற்றிற்குச் சற்றுத் தெற்கே மங்கலானதொரு ஒளித்திட்டு தெரியும். விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகம் அது. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன.

விண்மீனுக்கு மூலப்பொருள் ஹைட்ரஜன் வாயு. அங்ஙனமாயின், வாயு மிகுந்த இடத்தில் விண்மீனும் மிகுதியாகப் பிறக்க வேண்டுமன்றோ? இதனை ஆராயும் பெருங்கருவி நம் நாட்டிலேயே உண்டு. புனேவுக்கு வடக்கே கோடத் என்னும் ஊரை நடுவாகக் கொண்டு, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 வானொலித் தட்டுகள் அமைந்துள்ளன. ஹைட்ரஜன் அணு வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலையை அவை பதிவு செய்கின்றன.

நமது பால்வீதியைப் போன்றே வானில் எண்ணற்ற விண்மீன் மண்டலங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான என்.ஜி.சி. 3741 என்னும் சிறு மண்டலம் ஏறத்தாழ ஒரு கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர் ஆகியோர் உருசிய அறிஞர் கரசென்ட்சேவுடன் அதனை ஆராய்ந்தனர். விண்மீன்கள் ஒளிரும் பகுதியைப்போல் எட்டு மடங்கு தொலைவுக்கு அதன் வாயு பரவியிருப்பதை 2005-இல் வெளியிட்டனர். அத்துணை வாயு இருந்தும் அங்கே விண்மீன்கள் சிலவே!

காரணம் யாது? பரந்து கிடக்கும் வாயு மெலிந்தது. அது குளிர்ந்து, ஓரிடத்தில் திரண்டு, அணுக்கள் மூலக்கூறுகளாகச் சேரவேண்டும். அப்போதுதான் ஈர்ப்புவிசை வென்று, வாயு உள்நோக்கிச் சரிந்து விண்மீனாகும். ராபர்ட் கென்னிகட் என்னும் அமெரிக்க அறிஞர் பல மண்டலங்களை ஒப்பிட்டு 1998-இல் ஒரு கணக்குத் தந்தார். வாயுவின் அடர்த்தி இருமடங்கானால், விண்மீன் பிறப்பு இரண்டரை மடங்குக்கும் சற்று மேலாக உயர்கிறது. திரட்சிக்கு அவ்வளவு ஆற்றல்!

இளைஞர்களே, இவையெல்லாம் நமக்கு எட்டாதவை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மேகநாத் சாகா 1893-இல் டாக்காவுக்கு அருகே எளிய மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். கல்லூரி விடுதியில் சாதியின் பேரால் உடனுண்ண மறுக்கப்பட்டவர். அவர் 1920-இல் அளித்த சமன்பாடே விண்மீன் ஒளியிலிருந்து அதன் வெப்பத்தைக் கணிக்க வழிகாட்டிற்று.

அறிவு நம் குடியிருப்புகளில் என்றும் குறைவாக இருந்ததில்லை, சிதறிக் கிடந்தது. அதனைத் திரட்டும் பணியையே இச்சங்கம் 25 ஆண்டுகளாகச் செய்து வருகிறது. மேனிலைப் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் எடுக்கத் தயங்கும் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, மூத்தோர் ஊக்குவிக்க வேண்டும். கோடத்தின் தட்டுகள் கேட்கும் அலையை நம் பிள்ளைகளும் ஆராயட்டும்.