செப்புத் தகட்டில் ஒரு முகம்



மதுரை கே.கே. நகரில் கூடியுள்ள இவ்வவையில் ஐரோப்பியத் தமிழறிஞர் என்றதும், 1606-இல் இந்நகர் வந்த தத்துவ போதகர் இராபர்ட் டி நொபிலியே நினைவுக்கு வருவார். அதற்கு நூறாண்டு கழித்து, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கிய லுத்தரன் குரு பர்த்தலோமேயு சீகன்பால்குவின் உருவப்படம் பற்றியே நான் பேச வந்துள்ளேன். பல நூல்களில் அதனைக் கண்டிருப்பீர்கள்.

தோளில் புரளும் சுருள்முடி, கரிய அங்கி, கழுத்தில் வெண்பட்டை. பரோக் காலத்துச் செப்புத்தகட்டுப் படம். அக்கால ஜெர்மானிய அறிஞர் எவர் படத்தை இதனருகே வைத்தாலும் முகம் தவிர வேறுபாடு காண்பதரிது. ஆளைவிடப் பதவியைக் காட்டுவதிலேயே அக்கலை கருத்தாயிருந்தது என்பேன்.

ஆயினும் அதன் செய்முறை நமக்கு அந்நியமன்று. கூரிய உளியால் செப்பில் கோடு கீறி, மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவர். கீறலில் தங்கிய மை தாளில் பதியும். எழுத்தாணியால் ஓலையில் கீறிக் கரி பூசித் துடைத்த நம் முன்னோர் செய்ததும் இதுதானே! அவர்கள் இடவலம் மாற்றிக் கீற வேண்டும், அவ்வளவே.

அந்த ஓலைதான் படத்தில் இல்லை. முதிய தமிழாசிரியர் ஒருவரிடம், சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகியவர் சீகன்பால்கு. இரண்டே ஆண்டில், 1708-இல், 119 தமிழ் நூல்களுக்குக் குறிப்பு வரைந்தார். திருக்குறளும் அதில் உண்டு. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ஏடு தேடி ஊரூராக ஆளனுப்பினார். புலவர்களை அருகிருத்திச் செய்யுட் சொற்களைத் தொகுத்தார். சொல் கேட்டவருக்குச் செப்புத்தகடு வாய்த்தது. சொல் கொடுத்த புலவருக்கு?

மலையப்பன் என்ற தமிழிளைஞர் 1714-இல் அவருடன் கப்பலேறி ஐரோப்பா சென்று மொழிப்பணியில் துணைநின்றார். 1716-இல் ஹாலே நகரில் அச்சான இலத்தீன் மொழித் தமிழிலக்கணத்தின் முகப்பிலோ சீகன்பால்குவின் பெயர் மட்டுமே.

அவருக்கும் முழு நீதி கிட்டவில்லை. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதியனுப்பிய பெருநூலை ஹாலேயிலிருந்த பெரியவர்கள் அச்சிட மறுத்தனர். சமயத்தொண்டர் வேலை அதுவன்று என்பது அவர்கள் வாதம். 1719-இல், 36 வயதில், தரங்கம்பாடியில் அவர் மறைந்தார். முகத்தை விரும்பி அச்சிட்டவர்கள் அந்நூலைத் தொடவில்லை. 1867-இல், நம் சென்னையில்தான் அது அச்சேறியது.